வலிப்பு மாத்திரையால் கடும் பக்கவிளைவு: சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிப்பு நோய்க்குத் தரும் மாத்திரைகள் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் வேலை செய்கின்றன. மிகச் சிலருக்கு மட்டும் தோல் உரிந்து, கண் போய், கல்லீரல் கெட்டு, உயிர் வரைக்கும் போய்விடுகிறது. அந்தக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்தியச் சட்டப்படியான பதில்கள் இங்கே. இவை பொதுத் தகவல்கள்தான். உங்கள் விவகாரத்துக்கு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டித்தான் முடிவெடுக்க வேண்டும்.

எந்தப் பக்கவிளைவுகள் வழக்கு வரை போகின்றன?

தூக்கக் கலக்கம், எடை கூடுவது, முடி கொட்டுவது, ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடிப்பது எல்லாம் தொல்லைதான். ஆனால் வழக்காக நிற்பது அரிது. வழக்காக வருவதில் முக்கியமானது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். அதுவே முற்றினால் டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ், சுருக்கமாக ‘டென்’. உடம்பின் தோல்பரப்பில் 10 சதவீதத்துக்குள் உரிந்தால் முதல் வகை, 30 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டாவது வகை. ‘டென்’ வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை. கார்பமஸெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் ஆகிய நான்கும் இதில் பேர் போனவை. பெரும்பாலும் மருந்து ஆரம்பித்த முதல் எட்டு வாரத்துக்குள் வரும்.

அது எப்படி ஆரம்பிக்கிறது என்பது வழக்குக்கும் முக்கியம். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. வீட்டில் வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் வாய்க்குள் புண், உதடு வெடித்துக் கறுத்துப் பொருக்குத் தட்டும். நெஞ்சிலும் முகத்திலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் வரும். நம் ஊரில் இந்தக் கட்டத்தில் “அம்மை போட்டிருக்கு” என்று வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்துவிட்டு, வலிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எந்த மாத்திரை இதைக் கிளப்பியதோ அதே மாத்திரையை! “தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே என்னிடம் வாருங்கள்” என்ற ஒரு வரியை டாக்டர் சொல்லியிருந்தாரா என்பதுதான் பிறகு கோர்ட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி.

இது தவிர, வால்புரோயேட்டால் கல்லீரலும் கணையமும் பாதிக்கப்படுவது, கர்ப்ப காலத்தில் அதே மருந்தால் குழந்தைக்கு வரும் குறைபாடு, விகாபட்ரினால் பார்வையின் ஓரங்கள் சுருங்குவது, டோபிரமேட்டால் கண்ணழுத்தம் திடீரென ஏறுவது ஆகியவையும் பார்க்கப்படுகின்றன.

இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?

கூடாது. சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து அதுவே உயிரைப் பறிக்கலாம். தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ராத்திரியானால் எமர்ஜென்சிக்குப் போங்கள். எதை நிறுத்தி எதற்கு மாற்றுவது என்று அவர்கள் சொல்லட்டும்.

பக்கவிளைவு வந்துவிட்டது என்றாலே இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்காது. பலருக்கு ஜீரணிக்க முடியாத பதில் இது. சரியான நோய்க்குச் சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்து, எச்சரித்து, கண்காணித்தும் ஒருவருக்கு ஒவ்வாமை வந்தால் அது யாருடைய தவறும் இல்லை என்றுதான் சட்டம் பார்க்கும். மருந்து என்ன செய்தது என்பதை விட, மனிதர்கள் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

லாமோட்ரிஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குறைந்த அளவில் ஆரம்பித்து வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். நோயாளி ஏற்கெனவே வால்புரோயேட் சாப்பிட்டால் இன்னும் மெதுவாக. காரணம், வால்புரோயேட் உடம்பில் லாமோட்ரிஜின் கழிவதைத் தடுத்து அதன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். வழக்கமாக நாளுக்கு 25 மில்லிகிராமில் ஆரம்பிப்பதை, வால்புரோயேட் கூட இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 என்று ஆரம்பிப்பார்கள். இப்படிப்பட்டவருக்கு முதல் நாளே 100 மில்லிகிராம் எழுதி, இரண்டாவது வாரம் தோல் உரிந்தால் அது ‘துரதிர்ஷ்டம்’ அல்ல. மருந்துச் சீட்டே சாட்சி சொல்லும்.

அதே மாதிரி, முன்பு ஒருமுறை ஃபெனிடாயினால் தடிப்பு வந்ததைச் சொல்லியும், இதில் பேர் போன இன்னொரு மருந்தான கார்பமஸெபினைக் கொடுத்திருந்தால், அல்லது தடிப்போடு வந்தவரைப் பார்த்தும் மருந்தை நிறுத்தாமல் “அலர்ஜி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்” என்று அனுப்பியிருந்தால், பேச இடம் உண்டு.

கொல்கத்தா வழக்கு ஒன்றைச் சொன்னால் இது புரியும். அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாஹா 1998-இல் ஊருக்கு வந்தபோது தோல் தடிப்பு வந்து, ‘டென்’ ஆக முற்றி, அந்த ஆண்டு மே மாதம் இறந்தார். அவர் வலிப்பு மருந்து சாப்பிட்டவர் அல்ல. ஆனால் நோய் அதே நோய். கணவர் டாக்டர் குணால் சாஹா வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2009-இல் மருத்துவ அலட்சியத்தை உறுதி செய்தது. 2013-இல் கிட்டத்தட்ட 6 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. நோயை உண்டாக்கியதற்காக அல்ல அந்தத் தீர்ப்பு. நீண்ட நேரம் உடம்பில் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை அளவுக்கு மீறிப் போட்டதும், ‘டென்’ நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய பராமரிப்பு கிடைக்காததும்தான் காரணம். கணவரே டாக்டராக இருந்தும் முடிவு வர 15 ஆண்டு ஆனது என்பதையும் கவனியுங்கள்.

“முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும்” என்கிறார்கள். செய்யாதது அலட்சியமா?

எச்.எல்.ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமஸெபினால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் முன் பரிசோதிக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 டிசம்பரில் அறிவித்தது. நம் ஊர் கிளினிக்குகளில் இது அன்றாட வழக்கம் ஆகவில்லை. இந்தியக் கோர்ட்டுகள் அலட்சியத்தை அளப்பது “அதே துறையில் சராசரித் திறமையுள்ள டாக்டர் என்ன செய்திருப்பார்” என்ற கோலால். ஆகவே பரிசோதனை செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம் என்பதே என் கணிப்பு. எச்சரிக்கை சொல்லவில்லை, மறு பரிசோதனைக்குத் தேதி கொடுக்கவில்லை என்ற குறைகளோடு சேர்த்துச் சொன்னால் எடை கூடும்.

யார் மேல் வழக்குப் போடுவது? டாக்டரா, ஆஸ்பத்திரியா, மெடிக்கல் ஷாப்பா, கம்பெனியா?

டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து எதிர்தரப்பாகக் காட்டுவதுதான் வழக்கம். ஆஸ்பத்திரி தன் டாக்டர், நர்ஸ் செய்த தவறுகளுக்குப் பொறுப்பு.

மெடிக்கல் ஷாப்பை மறந்துவிடாதீர்கள். வலிப்பு மருந்துகள் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சீட்டில் உள்ளதற்குப் பதிலாக “அதே மருந்துதான், கம்பெனிதான் வேற” என்று இன்னொன்றை எடுத்துக் கொடுப்பதையும் மருந்து விதிகளில் 65-ஆம் விதி தடுக்கிறது. வலிப்பு மருந்துகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஃபெனிடாயின் போன்றவற்றில் ரத்தத்தில் அளவு கொஞ்சம் ஏறினால் தள்ளாட்டம், கொஞ்சம் இறங்கினால் வலிப்பு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததும் ஆறு மாதம் வராத வலிப்பு திரும்பி வந்து, படிக்கட்டில் விழுந்து அடிபட்டால், அதுவும் இந்தப் பக்கத்தின் விஷயம்தான்.

கம்பெனி மேல் போவது எப்படி? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் 87-ஆம் பிரிவில் ஒரு பெரிய கதவை மூடியிருக்கிறார்கள்: நிபுணரின் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய பொருள் என்றால், அந்த நிபுணருக்கு எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்க நியாயமான முயற்சி எடுத்திருந்தாலே போதும், எச்சரிக்கை போதவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து கம்பெனி தப்பித்துக்கொள்ளும். அதாவது டாக்டருக்கான குறிப்பேட்டில் ‘தோல் எதிர்விளைவு வரலாம்’ என்று அச்சடித்திருந்தால், அந்தச் செய்தி உங்கள் காதுக்கு வராததற்கு அவர்கள் டாக்டரைக் கை காட்டுவார்கள். மாத்திரையில் கலப்படம், அளவுக் குறைவு என்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி பொதுமக்களும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

நாங்கள் அரசு ஆஸ்பத்திரியில்தான் மாத்திரை வாங்கினோம். வழக்குப் போட முடியுமா?

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் என்றால் கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. சிலரிடம் பணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. முழு இலவசம் என்றாலும் வழி அடைபடவில்லை. சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம், தவறு வெளிப்படையாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கேஸ் ஷீட் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்டு வாங்கலாம்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

இந்தக் கேள்வியை எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

மருந்துச் சீட்டு, ஓ.பி. சீட்டு, கடை ரசீது. ரசீதுக்கு ஒரு தனி எச்சரிக்கை: மெடிக்கல் ஷாப் பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வழுவழுத் தாள். சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அலமாரியில் பத்திரமாக வைத்து, கோர்ட்டுக்கு எடுத்துப்போகும் நாளில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் படம் எடுங்கள். மீதி மாத்திரை இருக்கும் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும், அங்கிருந்து முதல் மாத்திரையைக் கிழித்துச் சாப்பிட்டால் எண் போய்விடும்.

தோல் எப்படி மாறியது என்பதைத் தினமும் படம் எடுங்கள். போனே தேதியைப் பதிந்து வைக்கும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் “தடிப்பு வந்திருக்கு சார், என்ன செய்ய?” என்று அனுப்பியிருந்தால், அதற்கு அவர் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக அனுப்பியிருந்தால், அதை அழிக்கவே கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். பல சம்மரிகளில் ‘மருந்து ஒவ்வாமை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அச்சாகியே வரும், தோல் முழுக்க உரிந்து போனவருக்கும்கூட. திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்தால் வந்தது என்று பெயரோடு எழுதி வாங்குவது வழக்குக்கு மட்டுமல்ல, அடுத்த முறை உயிர் பிழைக்கவும் வேண்டும்.

உள்நோயாளிப் பதிவுகள் அனைத்தையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகள்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்தவும் வேண்டும். அதற்கு மேல் போனால் “அழித்துவிட்டோம்” என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். இறந்துவிட்டால், அந்தத் துக்கத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். காரணத்தில் சந்தேகம் இருந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?

நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு. எப்போதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சண்டை. தோல் உரிவது கண்ணுக்குத் தெரிவது, அன்றிலிருந்தே கணக்கு ஆரம்பித்துவிடும். விகாபட்ரினால் பார்வை சுருங்குவது போல மெதுவாகத் தெரியும் பாதிப்பு என்றால், தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம். ஸ்ரீகண்டே வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையைச் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் பெண்ணுக்கு நீதி கிடைக்கவில்லை. ஆபரேஷனில் வயிற்றுக்குள் விடப்பட்ட துணியால் ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தவர், முன்னமே விசாரித்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் மன்னிக்கக் கேட்கலாம், மன்னிப்பார்கள் என்று நம்பி உட்காரக் கூடாது.

எங்கே போடுவது? செலவு எவ்வளவு?

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், ஆஸ்பத்திரி சென்னையில் இருந்தாலும் சரி. எந்த ஆணையம் என்பது இப்போது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, நீங்கள் கொடுத்த காசை வைத்து. 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. ஆக, டாக்டர் ஃபீஸும் மாத்திரையும் சேர்த்து சில ஆயிரம் செலவழித்தவர், கட்டணம் கட்டாமல் 30 லட்சம் இழப்பீடு கேட்கலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் மருத்துவ வழக்கில் நான் அதைச் சொல்ல மாட்டேன். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொரு டாக்டர் சாட்சி சொல்ல வேண்டுமா? யாரும் முன்வருவதில்லையே.

உண்மைதான், ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுதித் தருவது அபூர்வம். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் மருந்துப் பக்கவிளைவு வழக்குகளில் நிபுணர் இல்லாமல் நின்றால் தள்ளாடும். ‘அந்த மருந்தால்தான் வந்ததா’ என்பதே முதல் தடை. மார்ட்டின் டிசூசா வழக்கில், அமிகாசின் ஊசியால் காது போனது என்று சொன்ன சிறுநீரக நோயாளிக்குத் தேசிய ஆணையம் கொடுத்த இழப்பீட்டை 2009-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த நிலையில் அந்த மருந்து தேவைப்பட்டது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். தனியார் டாக்டர் கிடைக்காவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் துறை அல்லது நரம்பியல் துறையிடம் கருத்துக் கேட்கச் சொல்லி ஆணையத்திடமே மனு கொடுக்கலாம்.

போலீஸில் புகார் கொடுத்தால் என்ன?

கோபத்தில் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு. அதற்கும் போலீஸ் முதலில் இன்னொரு டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும். நோயாளி இறந்திருந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் டாக்டருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. இழப்பீடுதான் தேவை என்றால் இது சுற்று வழி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் பதிவை இடைநிறுத்தலாம், பணம் வராது.

கர்ப்பமாக இருந்தபோது வால்புரோயேட் சாப்பிட்டேன். குழந்தைக்குக் குறைபாடு. யாரும் சொல்லவே இல்லை.

வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் தடங்கலும் வருகின்றன. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் எழுதிக் கொடுப்பதற்கு இன்றைக்குச் சாக்கு கிடையாது. “சொன்னால் பயந்து மாத்திரையை விட்டுவிடுவாள்” என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம். நோயாளியின் சம்மதம் விவரம் தெரிந்த சம்மதமாக இருக்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த வாதத்துக்குப் பலம் குறைவு. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு என்றால் மட்டும் டாக்டர் தரப்புக்கு உண்மையான பதில் இருக்கிறது, ஆனால் அப்போதும் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்காகப் பெற்றோர் புகார் கொடுக்கலாம். பெற்றோரும் தனியாக இழப்பீடு பெறலாம் என்பது 1998 ஸ்பிரிங் மெடோஸ் தீர்ப்பு.

பிரான்ஸில் இதே மருந்துக்காக மரீன் மார்ட்டின் என்ற தாய் 2011-இல் அமைப்பு தொடங்கிப் போராடி, அரசே இழப்பீட்டுத் திட்டம் கொண்டு வரும் நிலைக்குக் கொண்டு போனார். 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், சனோஃபி நிறுவனம் எச்சரிக்கத் தவறியது என்று சொன்னது. பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் நோயாளி பாதுகாப்பு ஆணையர், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதல் தவணையாக ஒரு லட்சம் பவுண்டு தரப் பரிந்துரைத்தார். இங்கே அப்படிப்பட்ட திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் படியேற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் கிடைக்கிறதாமே?

கிடைத்ததைத்தான் செய்தியில் போடுவார்கள். சுலின்டாக் என்ற வலி மாத்திரையால் ‘டென்’ வந்து கண்பார்வை ஏறக்குறைய போன பெண்ணுக்கு நியூ ஹாம்ப்ஷயர் ஜூரி 2.1 கோடி டாலர் கொடுத்தது. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைப் பறித்துவிட்டது. ஜெனரிக் கம்பெனி, அதாவது இன்னொருவரின் மருந்தை உரிமைக்காலம் முடிந்த பிறகு தயாரித்து விற்கும் கம்பெனி, தானாக எச்சரிக்கையை மாற்ற முடியாது என்பது காரணம்.

ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.

பேப்பரை வீட்டுக்கு எடுத்து வந்து படிக்காமல் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்தவர்களுக்குக் கண் தொல்லை தோல் ஆறிய பிறகுதான் தெரிய ஆரம்பிக்கும். கண்ணீர் வற்றும், இமை மயிர் உள்நோக்கி வளர்ந்து கருவிழியை அறுக்கும். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்தும், சிலருக்கு ஆபரேஷனும் வேண்டியிருக்கும். அந்தச் செலவு தெரிவதற்கு முன்பே 80,000 ரூபாய் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். சமரசம் வேண்டுமென்றால் ஆணையத்தில் வழக்கைப் பதிந்துவிட்டு, அவர்கள் வழியாகவே பேசலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தபோது பாதிப்பு வந்தால்?

அதற்கு 2019-இல் வந்த தனி விதிகள் உண்டு. இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் நடத்துகிறவர்கள் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் நெறிமுறைக் குழுவின் பெயர் இருக்கும், அங்கே எழுதுங்கள்.

வழக்குப் போடும் எண்ணம் இல்லை. ஆனால் இது பதிவாக வேண்டும். யாரிடம் சொல்வது?

காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்து விழிப்புப் பணித்திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியே சொல்லலாம். பல அரசு மருத்துவக் கல்லூரிகளின் மருந்தியல் துறையில் இதற்கென மையம் இருக்கிறது. இதனால் பணம் வராது, யார் மேலும் நடவடிக்கை பாயாது. பின்னால் மனம் மாறி வழக்குப் போட்டால், பாதிப்பு வந்த நாட்களிலேயே நீங்கள் புகார் சொன்னதற்கு அந்தப் பதிவு ஒரு ஆதாரம். அதனால் பதிவு எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.